ஒரே கேஜில் இரண்டு பேர்

பேத்தி கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். "அப்பா எடையும் மகன் எடையும் சேர்த்தால்..." என்று ஆரம்பித்ததுமே, சிலேட்டுத் துடைக்கும் ஈரத்துணி வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது. வயதானால் மூக்குக்குத்தான் ஞாபகசக்தி அதிகம் போலிருக்கிறது.

ஈரத்துணி என்றால் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துப் பள்ளிக்கூடம். அல்ஜீப்ரா என்றால் என்னோடு படித்த கன்னியப்பன். வாத்தியார் இரண்டு சமன்பாடுகளை எழுதிப் போட்டால், நான் எக்ஸைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் ஒய்யையும் பிடித்துவிட்டு, ஜன்னல் வழியே ஷாப்ட் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் அந்தச் சக்கரத்துக் கயிற்றில்தான் தொங்கும். அவன் அப்பாவும் தினம் அதில்தான் இறங்குவார்.

சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம். ஒரே வீட்டு ஆட்கள் இருவர் ஒரே கேஜில் இறங்க மாட்டார்கள். அப்பா ஏறினால் பிள்ளை அடுத்த கேஜுக்கு நிற்பான். கயிறு அறுந்தால் ஒருவராவது வீடு திரும்ப வேண்டுமே. சேர்ந்து இறங்குவதாக வாயால் சொல்வதுகூட ஆகாது.

அந்த வருஷம் சர்வே ஆபீசுக்கு ஒரு பையனை எடுக்கப் பெங்களூரிலிருந்து அதிகாரி வந்தார். தரைக்கு மேலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை. "எம் புள்ளையாவது வெளிச்சத்துல நிக்கட்டும்பா" என்று கன்னியப்பனின் அம்மா என்னிடமே சொல்லியிருந்தார்.

ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டுமென்று அதிகாரி கணக்கைச் சொன்னார். அப்பாவும் மகனும் ஒரே கேஜில் இறங்குகிறார்கள். இருவர் எடையும் சேர்ந்து இவ்வளவு, அப்பா மகனைவிட இவ்வளவு கனம், தனித்தனியே எவ்வளவு? கன்னியப்பன் சாக்பீஸை எடுத்தான். எழுதவில்லை.

"ஏம்ப்பா, தெரியலையா?"

"தெரியும் சார். எங்கப்பா இப்ப கீழ இருக்காரு. நான் எழுதமாட்டேன்."

அதிகாரிக்குப் புரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. எனக்குத் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு வந்தது, தட்டுத்தடுமாறிப் போட்டேன். ஆபீஸ் வேலை எனக்கு, சுரங்கம் அவனுக்கு என்று ஆயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் கயிறு அறுந்தது. கேஜில் அவன் அப்பா இருந்தார். கன்னியப்பன் மேலே, அடுத்த கேஜுக்காக நின்றிருந்தான்.

காரியம் முடிந்த சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். கரித்துண்டை எடுத்துக் கல்லின்மேல் இரண்டு வரி எழுதினான். அதே கணக்கு. கண்மூடித் திறப்பதற்குள் விடையும் வந்துவிட்டது.

"இப்ப எழுதலாம்டா. இனிமே இன்னா பயம்?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

இப்போது கேஜ் பெரிதாகிவிட்டது. சங்கு ஊதினால் கூட்டமாக ஏறுகிறார்கள். யார் அப்பா, யார் பிள்ளை என்று பார்த்து ஒதுங்கி நிற்பவர் இல்லை. லைன் வீடுகளில் கேட்டால், அப்படியொரு வழக்கமா என்கிறார்கள். கன்னியப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பேத்தி அப்பாவையும் மகனையும் ஒரே வரியில் எழுதி, நடுவில் கூட்டல் குறி போட்டாள். அவள் கை கொஞ்சமும் தயங்கவில்லை.