முழுக் கை

இது நடந்தது. நடக்காமல் இருந்திருந்தால் என் அத்தான் இன்னும் அந்த அலங்கார விளக்குக் கம்பெனியில்தான் டிசைன் போட்டுக்கொண்டிருப்பார். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிற மனிதர். அக்காவுக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

புது விளக்குக்கு மாதிரியாக, குகைச் சுவர் ஒன்றில் இருந்த பழங்காலக் கைத்தடத்தின் போட்டோ அவர் மேசைக்கு வந்தது. குழந்தைக் கை. செங்காவி நிறம். சுண்டுவிரல் மட்டும் இல்லை. முதலாளி முகம் சுளித்தார்.

“குறையுள்ள கையை யாருப்பா ஹால்ல மாட்டுவாங்க? ஒரு விரல் சேர்த்துடு.”

“ஆறாவதும் வேணுமா சார்?”

“நக்கலா? அஞ்சு போதும்.”

கற்பனையில் விரல் வரைய அத்தானுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து, மகள் வாண்டுவின் கையைத் தாளில் வைத்து அழுத்தினார். அவள் நெளிந்தாள். விடவில்லை. சுண்டுவிரலை மட்டும் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார். போட்டோவில் இருந்த கைக்கு அது அளவெடுத்தது போலப் பொருந்தியது.

பித்தளைத் தகட்டில் அந்தக் கையைத் துளையாக வெட்டி, உள்ளே பல்பு வைத்தார்கள். நன்றாகவே விற்றது.

ஒரு நாள் மதியம், மணி 3.10. கம்பெனியின் இருட்டறையில் ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்தார். சுவரில் வெளிச்சக் கை விழுந்தது.

நான்கு விரல்.

அணைத்தார். போட்டார். நான்குதான்.

தகட்டைத் தடவினார். ஐந்து விரலும் ஒழுங்காக வெட்டியிருந்தது. ஐந்தாவதில் மட்டும் அவர் விரல்நுனி உள்ளே போகவில்லை...

ஏதோ அடைத்திருந்தது.

மெத்தென்று... வெதுவெதுப்பாக...

அது மடங்கியது.

‘டொர்ர்ர்’ என்று போன் அதிர்ந்தது. அக்கா.

“ஏங்க, ஸ்கூல்லருந்து கூப்பிட்டாங்க. வாண்டுக்குச் சுண்டுவிரல் மரத்துப்போச்சாம். கிள்ளினாக்கூடத் தெரியலையாம்.”

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் இல்லை.

“வலிக்கலப்பா” என்றாள் வாண்டு. “ஒரு பாப்பா பிடிச்சிருக்கா. விடமாட்டேங்குறா.”

அக்கா அத்தானைப் பார்த்தாள். “அன்னைக்கு இவ கையை வெச்சு என்ன பண்ணீங்க?”

“சும்மா விளையாடிட்டிருந்தோம்.”

அதன்பின் வேலையை விட்டார். விளக்கு வாங்கியவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். தகட்டில் பழுது என்று சொல்லி வாங்கி வந்து, ஐந்தாவது விரலை ஈயம் வைத்து அடைத்தார். ஒவ்வொன்றாக அடைக்க அடைக்க, வாண்டுவின் விரலில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பியது.

ஒரு விளக்கு மட்டும் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள். விரலின் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது.

கடைசியில், அந்தப் போட்டோவை எடுத்த பெண் ஆராய்ச்சியாளரைத் தேடிப் போனார். ஒரு விளக்கையும் எடுத்துப் போயிருந்தார்.

“விரல் இல்லாம இல்லைங்க, மடக்கி வெச்சிருக்காங்க” என்றார் அந்த அம்மா. “அங்க இருக்கிற கை எல்லாமே அப்படித்தான். ஏன்னு எங்களுக்கும் தெரியல.”

“முழுக் கை... ஒண்ணுகூட இல்லையா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுக்கு நேர் கீழ தோண்டினோம். ஒரு குழந்தையோட எலும்பு கிடைச்சது.”

அந்த அம்மா விளக்கை வாங்கி, ஈயம் அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“இந்த விரலை யாரு கையைப் பார்த்து வரைஞ்சீங்க?”

அத்தான் தரையைப் பார்த்தார்.

“நெட்ல கிடைச்சதுங்க” என்றார்.