மோட்டார் கொட்டகையில் மெட்ராஸ்காரன்

சென்னையிலிருந்து என் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தால் டிக்கியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை ஓடாத ஃபிரிட்ஜ். இன்னொரு தடவை அவன் மாமியாருடைய கால் ஒடிந்த கட்டில். அவன் ஃபிளாட்டில் எதற்கெல்லாம் இடம் இல்லையோ அதற்கெல்லாம் எங்கள் நிலத்தில் இடம் இருக்கிறது என்பது அவன் கணக்கு. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற ரோட்டின் மேலேயே நிலம் இருப்பதால் இறக்கிப் போட்டுவிட்டுப் போவதற்கும் சௌகரியம்.

மாங்காய் இறக்கிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வந்தான். இந்தத் தடவை டிக்கியைத் திறக்கவில்லை, பின்கதவைத் திறந்தான். கன்னுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்பு நாய் இறங்கியது. இரண்டு கண்ணுக்கு மேலேயும் யாரோ விரலால் வைத்துவிட்ட மாதிரி பழுப்புப் பொட்டு. கூடை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடினார்கள். அதில் ஒருத்தி என்னைத் திட்டிக்கொண்டே ஓடினாள், நான் என்னவோ வரவழைத்த மாதிரி.

"சிட்டில புதுசா சட்டம் போட்டுட்டாங்க அக்கா," என்றான் தம்பி. "இந்த ஜாதி நாய இனிமே யாரும் வாங்கக் கூடாதாம். வெச்சிகினு இருக்கறவங்க லைசன்ஸ் எடுக்கணும், வாய்ப்பூட்டு போடணும். எங்கியோ ஒரு கொழந்தையக் கடிச்சிட்ச்சாம். இது இல்ல, வேற நாய். எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு போர்டே மாட்டிட்டாங்க."

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். கையில் ஒட்டியிருந்த மாங்காய்ப் பாலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அங்க இருக்கக் கூடாதுன்றத இங்க வெச்சிக்கலாமா?"

"இங்க அந்தச் சட்டம் இல்ல பாவா. அதான் கொண்ணாந்தேன்."

"அப்ப எங்கள கடிச்சா பரவால்ல."

இங்கே சட்டம் இல்லை, அதனால் கொண்டுவந்தேன் என்பதைக் கூடப் பிறந்தவன் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். சட்டம் போட்டவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, குழந்தை கடிபட்டால் சும்மா இருக்க முடியுமா. ஆனால் அங்கிருந்து துரத்தினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அது மாயமாக மறைந்தா போகும்? ரோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வரும்.

கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி அவன் அதன் தலையணையையும் தீனி மூட்டையையும் வைத்துவிட்டுப் போனான். ஆமாம், நாய்க்குத் தலையணை. கார் போன திசையையே பார்த்துக்கொண்டு அது சாயங்காலம் வரைக்கும் கேட்டருகில் நின்றது. தம்பி வீட்டில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள், என் வாயில் அது நுழையவில்லை. வேலைக்கு வருகிறவர்கள் மெட்ராஸ்காரன் என்றார்கள். அந்தப் பேரே நின்றுவிட்டது.

அதற்கு மண் தெரியாது. முதல் நாள் சேற்றில் காலை வைத்துவிட்டு, சூடு பட்டது மாதிரி தூக்கிக்கொண்டது. ஆட்டைக் கண்டால் என் பின்னால் வந்து நின்றது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்தால் எனக்குச் சிரிப்பு வருமா வராதா? மூட்டை தீர்ந்ததும் தயிர்ச்சோற்றுக்கு வந்துவிட்டது. மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டியைக் கண்டுபிடித்த பிறகு வெயில் நேரம் முழுக்க அதிலேயே கிடந்தது, மூக்கு மட்டும் வெளியே. நான் வேர்க்கடலை உரிக்க உட்கார்ந்தால் ஈரத்தோடு வந்து என் முட்டியில் தலையை வைக்கும். போ அந்தாண்ட என்பேன். போகாது. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனாலும் கேட்டைச் சாத்தியே வைத்திருந்தோம். ஆள் வந்தால் கட்டிப்போட்டோம். அப்படியே வண்டி ஓடியது, ஆடி வரைக்கும்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ரோடு மஞ்சளாகிவிடும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பால் ஆந்திராவிலிருந்தும் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் எங்கள் நிலத்தில் நின்று கால் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றைக்குக் கேட்டை ஒருபோதும் சாத்தியதில்லை. நான் மோர் கரைத்து வைப்பேன், இவர் கரண்ட் இருக்கிறபோதெல்லாம் மோட்டாரை ஓட விடுவார். இந்த வருஷம் நான் கேட்டேன், சாத்திவிடலாமா என்று. "கிருத்திகைக்கு கேட்ட சாத்தினா நல்லாவா இருக்கும்," என்றார். நாயை மோட்டார் கொட்டகையில் விட்டுக் கொண்டி போட்டோம்.

எங்கள் கிணற்றில் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் முறைத் தண்ணீர் உண்டு. கரண்ட் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால், கிட்டே யார் இருக்கிறார்களோ அவர்கள் போய் மோட்டாரைப் போடுவார்கள். அதனால் அந்தக் கதவுக்கு வெறும் கொண்டிதான், பூட்டு என்கிற பேச்சே எங்கள் பக்கத்தில் கிடையாது.

அன்றைக்குக் காலையில் கரண்ட் போயிருந்தது. தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இவர் வீட்டுக்குள் இன்னொரு பானை மோர் எடுக்கப் போனார், நான் கேட்டருகில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரோட்டில் பம்பைச் சத்தம். பேசுவதே காதில் விழவில்லை. அப்போது கரண்ட் வந்தது, கொட்டகை மேலிருந்த பல்பு எரிந்தது. வருஷா வருஷம் புஷ்பக் காவடி எடுத்து வருகிற ஒருத்தர் தொட்டியருகில் நின்றிருந்தார், பவர்லூம் ஓட்டுகிறவர், எங்களுக்கு நல்லாத் தெரிந்த மனுஷர். நான் வேலையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கென்ன புதுசா என்று அவரே மோட்டாரைப் போடப் போய்க் கொண்டியை எடுத்தார்.

அது குரைக்கவே இல்லை. பம்பைச் சத்தத்தில் உள்ளே எவ்வளவு பயந்து கிடந்ததோ. கதவு திறந்ததும் பாய்ந்து அவர் முன்னங்கையைப் பிடித்துவிட்டது. நான் மோர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி அப்படியே அதன் மேல் கொட்டினேன். விட்டுவிட்டது. விட்டுவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, நான் வந்து அதைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டியெல்லாம் ரத்தமும் மோரும். அவர் முதலில் கேட்டது கையைப் பற்றி இல்லை. "காவடி கீழ உழலியே?" என்றார். விழவில்லை, யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வலியில் கண்ணை மூடினார்.

இவர் பைக்கில் வைத்துத் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல், நாய்க்கடி ஊசி. கட்டுப் போட்ட கையோடு மற்றவர்கள் பிடித்துக்கொள்ள மலையேறிக் காவடியைச் செலுத்திவிட்டுத்தான் அவர் ஊர் திரும்பினார். அவர் போலீசுக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. அடுத்தடுத்த ஊசிக்கு வந்தபோது நான் கூடப் போனேன். "நாய் இன்னா பண்ணும்மா, அதுவும் பயந்துட்ச்சி," என்றார். அந்தக் கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட அந்த விரல் வேண்டும். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நாயைச் சில நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார் டாக்டர், வெறி இருக்கிறதா என்று. வெறியில்லை. அந்தக் கெடு முடிந்ததும் ஊர்க்காரர்கள் வந்தார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நீங்க அனுப்பிட்டா நல்லது. இல்லன்னா நாங்க பாத்துக்கறோம்." எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். கறித்துண்டில் மருந்து. அவர்கள் பிள்ளைகள் அந்த ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், நான் என்ன எதிர்த்துப் பேச?

தம்பியை வரச் சொன்னேன். வந்தான், முகம் செத்திருந்தது. திரும்பக் கொண்டுபோக முடியாது என்றான். "எங்கிட்ட நாயே இல்லன்னு கார்ப்பரேஷன் ஆபீஸ்ல சொல்லிட்டேன் அக்கா. காப்பகத்துல எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் அங்கதான் கொண்ணாந்து உடறாங்களாம், இடமில்லையாம்." பிறகு அவனே, "நகரி தாண்டி எங்கனா உட்டுட்டா..." என்றான். சென்னைச் சட்டத்துக்குப் பயந்து எங்கள் ஊர், எங்கள் ஊருக்குப் பயந்து ஆந்திரா. அதற்கு அப்பால் எங்கே என்று அவனைக் கேட்கத் தோன்றியது. ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லை. நானும் காரில் ஏறினேன்.

பின்சீட்டில் அது என் மடியில் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. சென்னைக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ. நகரி தாண்டி, பாறை மலை ஓரமாக ஆள் இல்லாத மாதிரி இருந்த ஓர் இடத்தில் தம்பி வண்டியை நிறுத்தினான். நாய் குதித்து இறங்கி ஒரு செடியை மோந்து பார்த்தது. சங்கிலியைக் கழற்ற அவன் கை வரவில்லை. நின்றபடியே அழுதான்.

ஆள் இல்லை என்று நினைத்தோம். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி இருந்திருக்கிறது. ஒரு பெண் எழுந்து வந்தாள், இடுப்பில் குழந்தை. "இக்கட வதலொத்தம்மா, பில்லலு உன்னாரு," என்றாள். இங்கே விடாதேம்மா, பிள்ளைங்க இருக்காங்க. சண்டைக்கு வந்த மாதிரி இல்லை, கெஞ்சுகிற குரல். தம்பி எங்கள் தோட்டத்தில் காரை நிறுத்திய அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டிய குரலும் அதுதான். வண்டியத் திருப்புடா என்றேன்.

ஊர் நடுவில் நின்று நான் வாக்குக் கொடுத்தேன். அது இனி வெளியே வராது, யார் கண்ணிலும் படாது, என்னைத் தவிர யாரும் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள், உயிரோடு மட்டும் விடுங்கள் என்று. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஒத்துக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டார்டரை வெளிச்சுவருக்கு மாற்றினோம், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல். கொட்டகைக்கு இரும்புக் கிராதிக் கதவு, அதில் பூட்டு, உள்ளே சங்கிலி. தம்பி அதற்கு ஆன செலவைக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. போனில் நாயைப் பற்றிக் கேட்பான், நல்லா இருக்குது என்பேன்.

முதலில் மோட்டார் ஓடும்போதெல்லாம் கத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டி, தண்ணீர் விழுகிற சத்தம் அதற்குக் கேட்கும். சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தில் முடி போய்விட்டது. நான் குடத்தில் கொண்டுபோய் அதன் மேல் ஊற்றிப் பார்த்தேன். அது தொட்டி ஆகுமா. கார்த்திகைக்கெல்லாம் கத்துவதை விட்டுவிட்டது. தை பிறந்த பிறகு நான் சோறு கொண்டுபோனால்கூட எழுந்திருப்பதில்லை, நான் கிட்டே உட்கார்ந்தால் கொஞ்சம் தின்னும். கால்நடை டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். நோய் இல்லை என்று எனக்கே தெரியும். அன்றைக்கு நகரியில் விட்டிருந்தால் லாரியில் அடிபட்டோ, கல்லடி பட்டோ செத்திருக்கும், ஆனால் அதுவரைக்கும் நாயாக இருந்திருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாசியில் ஒரு நாள் பைக்கில் ஒருத்தர் வந்தார். கவர்மென்ட் ஆபீஸிலிருந்து வருகிறேன், நம்ம பக்கத்துக்கும் உத்தரவு வந்துவிட்டது, இந்த ஜாதி நாய் வைத்திருக்கிற வீடெல்லாம் பார்க்கிறோம் என்றார். நல்ல மாதிரி மனுஷர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். கட்டி வைக்கணும், மூடின இடமாக இருக்கணும், பூட்டு இருக்கணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கிராதி வழியாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சரியா வெச்சிகினு இருக்கீங்கம்மா," என்றார். "மத்த வூட்ல எல்லாம் சும்மா அவுத்து உட்டுட்டு, கேட்டா கொழந்த மாதிரின்றாங்க. கொஞ்சம் தொறக்கறீங்களா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எல்லாருக்கும் காட்டணும், இப்டித்தான் வெச்சிக்கணும்னு."

பூட்டைத் திறந்தேன். வெயில் உள்ளே விழுந்தது. அவர் விசிலடித்துக் கூப்பிட்டுப் பார்த்தார், நாய் தலையைத் தூக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார்.

"சார், இத வெளிய உடறதுக்கு அந்த உத்தரவுல எதனா வழி சொல்லிக்கீதா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "வெளிய எதுக்கும்மா உடணும்?" என்றார். "இதுதான் ஒரு தொந்தரவும் பண்றதில்லையே."