ஜாக்கெட் படமும் பக்கத்துல நாலு வரியும்

தையல் சொல்லிக் குடுக்கறவங்களுக்குத் தெரியுமுங்க, நம்ம பாடத்துல தப்பு வந்தா ரப்பர் போட்டு அழிக்க முடியாது. வெட்டுன துணி வெட்டுனதுதான். சிங்காநல்லூர்ல ஊட்டு மாடியில கிளாஸ் வெச்சிருக்கறேன். உங்கள்லயும் நாலு பேரு இப்புடிப் பாடுபட்டிருப்பீங்க, அதனால சொல்றேன்.

எழுத்து மட்டும்

முன்னெல்லாம் நான் நோட்ஸ் சொல்லுவேன், புள்ளைங்க எழுதிக்குவாங்க. "தோள்ல இருந்து கீழ இத்தனை இஞ்ச், அங்கிருந்து உள்ள இத்தனை." போன வருசம் மரகதம்னு ஒரு பொண்ணு சேந்துச்சு. வெள்ளகோவில்காரப் பொண்ணு, இங்க கட்டிக் குடுத்திருக்கறாங்க. வெள்ளகோவில்னதும் என்ற ஊட்டுக்காரர் ஞாபகந்தான். காங்கேயத்துல எறங்க வேண்டியவரு பஸ்ல தூங்கி அங்க போய் எறங்கி, என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க ஊட்டுல எல்லாரையும் காக்க வெச்சாரு. அது கெடக்கட்டும்.

மரகதத்தோட ஊட்டுக்காரருக்கு ஒரு தங்கச்சி. அந்தப் புள்ளை நிச்சயத்துக்குப் பட்டு ஜாக்கெட் நாந்தான் தைப்பேன்னு மரகதம் மாமியார்கிட்டச் சொல்லிப்போட்டுச்சு. சேலையோட வந்த துணி, கெட்டா வேற கெடையாது. "தைய்யி அம்மணி, சரியா வரலைன்னா தாம்பூலப் பையாவது ஆகுமல்ல"ன்னாங்களாம் மாமியார்.

மொதல்ல நோட்ஸைப் பாத்து நியூஸ்பேப்பர்ல வெட்டிக்கிட்டு வந்துச்சு. நடுவுல ஒரு வரிய உட்டுப்போட்டுப் படிச்சிருக்குது. கழுத்து வர்ற எடத்துல கைக்குழி. அதைத் தூக்கிப் புடிச்சுக் கேட்டுச்சு: "டீச்சர், இதுல தலைய விடறதா, கைய விடறதாங்க?"

படம் மட்டும்

சரி, எழுத்தே வேண்டாம்னு போர்டுல பெருசாப் படம் போட்டேன். என்ற கை கோடு போட்டா ஸ்கேலே வேண்டாமுங்க. எல்லாரும் போன்ல போட்டோ புடிச்சுக்கிட்டாங்க. ஜாக்கெட்டுக்குப் பின்பக்கம் பாதிதான் வரைவோம். துணிய ரெண்டா மடிச்சு வெட்டி விரிச்சா முழுசா வரும். நமக்குத் தெரியும்.

மரகதம் ஒரு பழைய வேட்டியில வெட்டிப் பாத்துச்சு. மடிப்பு இருக்க வேண்டிய எடத்துல ஓரத்தை வெச்சுப்போட்டுது. விரிச்சா முதுகு ரெண்டு துண்டு. "ஏங்கண்ணு, மடிப்பு இந்தப் பக்கமல்ல வெக்கோணும்?"ன்னேன். நிதானமாச் சொல்லுச்சு: "உங்களுக்குத் தெரியுமுங்க டீச்சர், படத்துக்குத் தெரியலையே."

கோட்டுக்குப் பக்கத்துலயே

நிச்சயத்துக்கு இன்னும் பத்தே நாள். பேத்தியோட ஸ்கெட்ச் பேனாவை எடுத்துச் சார்ட்டுல மறுபடியும் படம் போட்டேன். எந்தக் கோட்டுக்கு என்ன செய்யோணுமோ அதை அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே எழுதுனேன். கீழ எழுதல, அடுத்த பக்கத்துல எழுதல. கண்ணு அங்க போய்ட்டு வர்றதுக்குள்ள கத்திரி ஓடிப்போகும். பின்பக்கம் ஒத்தைக் கோடு போட்டு, "இது மடிப்பு. கத்திரி வெக்காதே." முன்பக்கம் ரெட்டைக் கோடு போட்டு, "இங்க மடிப்பு இல்ல, ரெண்டு துண்டு. ஹூக் பட்டிக்கு ஒரு இஞ்ச் சேத்து விடு."

எங்கூட எம்ப்ராய்டரி கிளாஸ் எடுக்கற ராஜாமணி வந்து பாத்துட்டுச் சொன்னா: "ஏனுங்கக்கா, படத்துமேலயும் பேசாம இருக்க முடியலையாக்கும்?"

பட்டுத் துணி

மரகதம் சார்ட்டைக் காப்பி எடுத்துப் பீரோ மேல ஒட்டி வெச்சுப் பட்டை விரிச்சுது. பின்பக்கம் அச்சா வந்துச்சு. மடிப்புப் பாடம் அத்தனை ஆழமா எறங்கிப் போச்சுங்க, முன்பக்கத்தையும் மடிப்புலயே வெச்சுப்போட்டுது. அப்புடியே வெட்டியிருந்தா முன்பக்கம் ஒரே துண்டா வந்து, ஹூக் பட்டிக்கு எடமில்லாம ஜாக்கெட் மாட்டவே முடியாது.

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காவல் காக்கறாப்புல பக்கத்துல நின்னுக்கிட்டுச் சார்ட்டைப் பாத்திருக்கறாங்க. "இரு அம்மணி. பின்னால ஒத்தைக் கோடு, முன்னால ரெட்டைக் கோடு போட்டிருக்குதே. பக்கத்துல என்ன எழுதியிருக்குதுன்னு படி." மரகதம் படிச்சுப் பாத்துட்டுக் கத்திரியக் கீழ வெச்சுது.

நிச்சயத்துக்கு மொத நாள் ரெண்டு பேரும் ஜாக்கெட்டோட வந்தாங்க. உள்பக்கம் திருப்பித் தையல் தையலாப் பாத்தேன், ஒரு குத்தஞ் சொல்ல முடியல. எனக்குப் பெருமை தாங்கல, மாமியாருக்கு அதுக்கும் மேல: "படிக்கத் தெரிஞ்சவ படத்தைப் பாக்கல, படத்தைப் பாத்த எனக்குப் படிக்கத் தெரியல, ரெண்டு பேருஞ் சேந்துதானுங்க டீச்சர் வெட்டுனோம்."

கிளாஸ்ல நான் வாயத் தொறந்தா மூடறதில்லைனு பேருங்க, ஆனா நான் எடுத்த பாடத்துலயே உருப்படியானது, நான் பக்கத்துல இல்லாதப்ப அந்தச் சார்ட்டு எடுத்ததுதான்.