ஸ்பீக்கர் எழுதாத பரீட்சை

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்பீக்கர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொன்னால், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். நாளெல்லாம் மிஷின் இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா, அவள், பள்ளிக்கூடம் போகும் தம்பி மூவரும் இருந்த அந்த ஒற்றை அறையில், "உப்பை எடு" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்தத் தொண்டைதான் கல்லூரிக்கும் கூடவே வந்தது.

கடைசி வருடத் தொடக்கத்தில் மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு அவளும் நானும் நின்றோம். நான் ஒரு வாரம் தயார் செய்து, அடுக்குமொழியில் பேசி, கைதட்டல் வாங்கினேன். அடுத்து அவள் மேடை ஏறினாள். மைக்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள். முன்வரிசை சிரித்தது.

"மத்தியானம் குழாயடியில ஏன் அவ்வளவு கூட்டம்னு யாராவது யோசிச்சீங்களா? அவங்களுக்குத் தாகம் இல்லை. பசி."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஓட்டு அவளுக்குத்தான் விழுந்தது.

முடிவு வந்த அன்றே என்னைத் தேடி வந்தாள். "செயலாளரா வந்துடுடா. எனக்குக் கத்தத்தான் தெரியும். எழுதறதுக்கு நீ வேணும்."

"தோத்தவனைக் கூப்பிட்டுப் பதவி குடுக்கறியா?"

"ஜெயிச்சவங்க எல்லாரும் ஃபோட்டோ எடுக்கப் போயிட்டாங்க. நீதான் சும்மா நிக்கறே."

அன்றிலிருந்து நான் அவளுக்கு 'எதிர்க்கட்சி' ஆனேன். காலையில் பார்த்ததும், "என்ன எதிர்க்கட்சி, சாப்பிட்டியா?" என்பாள். யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் சொல்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதுவரை பேரவை என்றால் ஆண்டு விழா, கோப்பை, வரவேற்பு வளைவு, அவ்வளவுதான். அவள் நேராகக் கேண்டீனுக்குப் போனாள். நாள் தவறாமல் போய் நின்று பேசினாள். கடைசியில் கேண்டீன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாதி விலைக்கே சாப்பாடு போட்டுடறேன்மா. நீ மட்டும் கொஞ்சம் மெல்லப் பேசு, வர்ற ஆளுங்க பயப்படறாங்க."

"இன்னொண்ணு அண்ணே. யாரு பாதி விலை கேட்டாலும், ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்கலை தாயே, கேக்கலை."

குழாயடிக் கூட்டம் கரைந்தது. ஆனால் அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது வேறு. முதலாண்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணைக் கட்டணப் பாக்கிக்காகத் தேர்வறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் வீட்டுக்கும் போகவில்லை. பேனாவைப் பிடித்தபடி, தேர்வு முடியும்வரை வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஸ்பீக்கர் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

"ஜன்னல் வழியா அவ தோள்பட்டை தெரிஞ்சுட்டே இருந்துச்சுடா. நான் பாட்டுக்கு எழுதிட்டு இருந்தேன்" என்று ஒருமுறை சொன்னாள். அவள் மெல்லப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பாக்கி இருந்தாலும் தேர்வு எழுத விட வேண்டும், தவணையில் கட்ட அனுமதிக்க வேண்டும் என்று கேட்டோம். முதல்வர் நல்ல மனிதர். "என் கையில ஒண்ணும் இல்லைம்மா" என்று கண்ணாடியைத் துடைத்தார். தாளாளரோ எங்களைப் பார்க்கவே மறுத்தார். இதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

முதல் நாள் தேர்வு. பாக்கி வைத்தவர்களை வழக்கம்போல வாசலில் ஒதுக்கினார்கள். ஸ்பீக்கர் கட்டணம் கட்டியவள். ஆனால் உள்ளே போகாமல் அவர்களோடு சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

"யாருக்குப் பயமா இருக்கோ உள்ளே போங்க" என்றாள். "சத்தியமாத் தப்பா நினைக்க மாட்டோம்."

சிலர் போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்தார்கள். வராந்தா நிரம்பியது. வினாத்தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனவர்களில் ஒருத்தி கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு அவளும் வெளியே வந்துவிட்டாள்.

தாளாளர் காரில் வந்து இறங்கினார். நேராக ஸ்பீக்கரிடம் வந்தார்.

"நீதான் கட்டிட்டியே? உனக்கு என்னம்மா பிரச்சினை?"

"கட்டினதாலதான் சார் வாயைத் திறந்து கேக்க முடியுது. கட்டாதவங்க எப்படி சார் கேப்பாங்க?"

முதல்வர் தாளாளரைத் தனியே அழைத்துப்போனார். வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்த முதல்வரின் முகத்திலேயே சேதி தெரிந்தது. இனி யாரையும் வாசலில் நிறுத்த மாட்டார்கள், தவணையில் கட்டலாம், கட்டி முடிக்கும்வரை தேர்வு முடிவை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். அவ்வளவு கத்துகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் குரலே வரவில்லை. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் அம்மாவின் கை உருளையில் மாட்டியது அதற்குச் சில வாரங்கள் கழித்து.

ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்தி எடுக்கிற மிஷின் அது. விரிப்போடு வலது கையும் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கத்தி எச்சரித்தது அவருக்குக் கேட்கவில்லை. துவைத்துக் கொடுத்த அதே ஆஸ்பத்திரியில், அவர் துவைத்த விரிப்பின் மேலேயே படுக்க வைத்தார்கள். விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் பார்க்கப் போனபோது கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார். "வா தம்பி. இவளைக் காலேஜுக்குப் போகச் சொல்லு. ரெண்டு நாளா இங்கேயே உக்காந்திருக்கா."

ஸ்பீக்கர் என்னை வெளியே கூட்டிப்போனாள். அம்மாவின் இடத்தை வீட்டில் ஒருவருக்குத் தருகிறார்களாம். ஆனால் உடனே சேர வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

"கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லேன். பரீட்சை முடியட்டும்."

"கேட்டேன்டா. அவங்களுக்கு அழுக்குத் துணி பொறுக்காதாம்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரவையில் பேசி எல்லாரிடமும் உதவி கேட்கலாம் என்றேன். கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டுமானால் கேட்கலாம், மூன்று வயிற்றுக்கு எத்தனை காலம் கேட்பது என்றாள். தம்பியை வேலைக்கு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. அவளே போய்ச் சேர்ந்தாள்.

இறுதித் தேர்வின் முதல் தாளுக்கு வந்தாள். கூட வேலை செய்யும் ஓர் அக்கா ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்திருந்தார். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு நேராக வந்தவள் மேல் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. எழுதி முடித்து, "நல்லா எழுதியிருக்கேன்டா எதிர்க்கட்சி" என்று வராந்தாவே அதிரச் சொன்னாள்.

அடுத்த தாளுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நான் சலவைக்கூடத்துக்கே போனேன். நீராவியில் முதலில் ஆளே தெரியவில்லை. வண்டி நிறைய ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்த இரைச்சலில் அவள் குரல் சாதாரணமாகக் கேட்டது. நான்தான் கத்த வேண்டியிருந்தது.

"ஏன் வரலை?"

"அந்த அக்காவுக்கு உடம்பு முடியலை. மாத்திக்க வேற ஆள் இல்லை. புதுசாச் சேர்ந்தவங்களுக்கு லீவும் கிடையாது."

"இன்னும் பேப்பர் இருக்கு. நீ வாங்கிக் குடுத்த உரிமை இது. இப்போ யாரையும் வாசல்ல நிறுத்தறதே இல்லை. வந்து எழுது."

வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வாசல் திறந்திருக்குடா. அங்கே வர்றதுக்குத்தான் எனக்கு வழி இல்லை."

மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கை தட்டினார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் படித்து முடித்துத் திசைக்கொருவராகப் பிரிந்தோம். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவளைப் போய்ப் பார்ப்பேன். தம்பி அதே கல்லூரியில் சேர்ந்து, தவணையில் கட்டணம் கட்டிப் படித்தான். பட்டமளிப்புக்கு அவளும் போயிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து தம்பியின் பெயரைக் கேட்டதும் அவள் போட்ட சத்தத்தில் மேடையே திரும்பியதாம். அவள் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இதைத் தம்பிதான் சொன்னான்.

அம்மா இறந்த பிறகு தம்பி அவளைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் சம்பாதிக்கறேனே அக்கா. விட்ட பேப்பரை எழுதி முடி." நானும் லீவு போட்டு வந்தேன். மூவரும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் கணினியில் தேடிப் பார்த்தார். கனிவாகத்தான் பேசினார். பாடத்திட்டம் மாறிவிட்டது, பழைய தாள்களை எழுதுவதற்கான காலமும் முடிந்துவிட்டது என்றார்.

"அப்போ நான் எழுதினதெல்லாம்?"

"அது கணக்குல வராதும்மா. வேணும்னா முதல் வருஷத்திலேருந்து சேந்து படிக்கலாம்."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். தம்பி கோபத்தில் ஏதேதோ பேசினான், கோர்ட்டுக்குப் போகலாம் என்றான். அவள் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் வராத அன்னிக்கு என்னடா கேட்டிருந்தாங்க?"

எனக்கு ஒரு கேள்விகூட நினைவில்லை. "படு கஷ்டம். நீ வந்திருந்தாலும் ஃபெயில்தான்" என்றேன்.

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. தம்பி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

முதல் வருடத்தில் போய்ச் சேரச் சொல்லி நாங்கள் பலமுறை கேட்டோம். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிவந்தாள். தம்பி கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்கிறான். அவள் இன்னமும் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். அந்த உருளைக்கு இப்போது கை போகாதபடி தடுப்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கியது யார் என்று நான் விசாரிக்கவில்லை.