லாபம், இரண்டு, மூன்று

உரும்பிராயில் ஒரு முன்பள்ளியில் நான் சேர்ந்தபோது பெரிய வகுப்பைத் தற்காலிகமாகத்தான் தந்தார்கள். மேற்பார்வை மிஸ் ஒருநாள் வருவா. பிள்ளைகள் இருபதுக்கு மேல் சாமான்களை எண்ணிக் காட்டினால் வகுப்பு எனக்கு. இல்லையென்றால் நான் வீட்டுக்கு. மாமியோடு நாள் முழுக்க இருந்து தொலைக்காட்சி நாடகம் பார்ப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

பாட்டுப்போல நூறு வரை சொல்வதில் எங்கள் பிள்ளைகள் சூரர்கள். முன்னால் பதினைந்து புளியங்கொட்டையை வைத்தால்தான் கூத்து. வாய் ஒரு பக்கம் ஓடும், விரல் இன்னொரு பக்கம் மேயும். ஒருவன் ஒரு கொட்டையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "பன்ரண்டைக் காணேல்லை ரீச்சர்" என்று அழுதான்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தொடு, தள்ளு, சொல்லு. பத்துச் சேர்ந்ததும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் போடு, பிறகு அடுத்த பத்து. அது நன்றாகத்தான் போனது. ஒரேயொரு பெட்டைப்பிள்ளை மட்டும் எண்ணத் தொடங்கும்போதே என் உயிரை வாங்கினாள்.

"லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..."

"ஒண்டு எங்கை பிள்ளை?"

"அதுதான் ரீச்சர், லாபம்."

இரண்டாவது சிரட்டைக்குப் போனால், "பத்து லாபம், பன்ரண்டு" என்பாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். கத்தினேன். கத்தியதில் மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் இன்னும் இனித்தது. ஒரு கிழமைக்குள் கண்ணோய்போல வகுப்பு முழுக்கத் தொற்றிவிட்டது. உங்களுக்கு எத்தனை மூக்கு என்றால், "லாபம்!" வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு எத்தனை வால் என்றால், அதற்கும் "லாபம்!"

மத்தியானம் கூட்டிப்போக வந்த அவளுடைய தாயைப் பிடித்தேன்.

"உங்கடை மகள் ஒண்டு எண்டு சொல்லுறாளில்லை."

"ஐயோ ரீச்சர், நெல்லு அளக்கேக்கை ஒண்டு எண்டு தொடங்கக் கூடாதெல்லே. முதல் அளக்கிற கொத்து லாபம். இவள் தேப்பனோடை இருந்து பாக்கிறவள். நீங்கள் உது கேள்விப்படேல்லையே?"

நான் அரியாலைக்காரி. எங்கள் பக்கம் இறாலைக் கூறு கூறாக வைத்து விற்பார்கள், யாரும் இருந்து எண்ணுவதில்லை. தாய் என்னைப் பாவம் என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனா.

அன்றிலிருந்து விரலை உயர்த்தி, கண்ணை உருட்டி, ஒவ்வொரு நாளும் அவளிடம் ஒரே பல்லவி: "அது வீட்டிலை. பள்ளிக்கூடத்திலை ஒண்டு!" நித்திரையிலும் இதையே சொல்வதாக என் கணவர் முறையிட்டார். சனியன் பிடித்த அந்தச் சொல் என் வாய்க்குள்ளும் குடிவந்துவிட்டது எனக்கு அப்போது தெரியாது.

மிஸ் வந்தா. மொடமொடவென்ற சீலை, சிரிப்பைக் காணாத முகம். வந்து இருந்ததும் சொன்னா:

"முதல்லை நீர் ஒருக்கால் எண்ணிக் காட்டும். பிள்ளையள் பாக்கட்டும்."

இருபத்து மூன்று கொட்டைகளைப் பாயில் பரப்பினேன். முதல் கொட்டையைத் தொட்டுத் தள்ளி, கணீரென்று சொன்னேன்:

"லாபம்."

மிஸ்ஸின் புருவம் மேலே போனது. முடிந்தது, மாமியும் நாடகமும்தான் இனி என்று நினைத்தேன். அப்போது அந்த லாபக்காரி எழும்பினாள். விரலை உயர்த்தி, கண்ணை உருட்டி, என்னைப்போலவே ஒரு அதட்டல்:

"ரீச்சர்! அது வீட்டிலை. பள்ளிக்கூடத்திலை ஒண்டு!"

"வீட்டிலை என்ன பிள்ளை?" என்று மிஸ் கேட்டா.

"வீட்டிலை நெல்லு மிஸ். இது வெறும் புளியங்கொட்டைதானே. இதிலை என்ன லாபம்?"

மிஸ் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப நீங்கள் எண்ணுங்கோ பிள்ளை, பாப்பம்."

அவள் என் கையைத் தட்டிவிட்டு, பாயில் சப்பணம் கட்டி இருந்தாள். தொட்டாள், தள்ளினாள், சொன்னாள். பத்து ஒரு சிரட்டைக்குள், பத்து மற்றச் சிரட்டைக்குள். மிச்சத்துக்கு வந்ததும் என்னை ஒருமுறை முறைத்து, "இருவத்தொண்டு" என்று அழுத்திச் சொன்னாள். பிறகு இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஒரு கொட்டை தப்பவில்லை. எனக்கு அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது.

வாசல் படலை வரை மிஸ்ஸோடு போனேன். கேட்கப் பயம், கேட்காமல் விடவும் ஏலாது.

"மிஸ், வகுப்பு..."

"வகுப்பு உமக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டியில் ஏறினா. "ஆனால் நான் அடுத்தமுறை வரேக்கை நீர் எண்ண வேண்டாம். அந்தப் பிள்ளை எண்ணட்டும்."