அந்தக் கையை மட்டும்

"அண்ணாந்து பாருய்யா. மோவாயைக் கொண்டுபோய் நெஞ்சுல புதைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" என்று கம்ப்யூட்டர் திரையில் நிற்கும் ஒரு மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் எக்ஸ்ரே அக்கா. அந்த மாப்பிள்ளைக்கு இப்போது தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். படம் அவ்வளவு பழசு. யாரோ அதை நடுவில் மடித்து வைத்துவிட்டதால் அவன் மூக்குக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. கோட்டை அழித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தவருக்கும் ஒரு பங்கு திட்டு உண்டு. "கல்யாணப் படத்தை யாராவது மடிப்பாங்களா? சட்டையா இது?"

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்தான் அவளுக்கு வேலை. பகல் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மகன் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. துணி துவைக்கும் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கிறது. அதில் காசு கொடுக்காமல் கிடைக்கிற படத்திருத்த மென்பொருள் ஒன்று. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளாகவே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, நாலு படத்தைப் பாழாக்கி, ஐந்தாவதில் கற்றுக்கொண்டாள். காசும் வாங்குவதில்லை. அதனால்தான் யாரையும் திட்டும் உரிமை தனக்கு இருப்பதாக நினைக்கிறாள்.

பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரருக்கு மவுஸ் சத்தத்தை வைத்தே வீட்டு நிலவரம் தெரியும். டிக் டிக்கென்று சீராகக் கேட்டால் போய்க் காபி கேட்கலாம். படபடவென்று கேட்டால் தானே போட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது.

படத்தைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் செய்வது நகல் எடுப்பதுதான். அசலின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டாள். தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கும் அவள் சொல்லும் முதல் வார்த்தை, "முதல்ல நகல் எடு, அப்புறம் உன் நக்கலைக் காட்டு" என்பதுதான். பத்துக் கை மாறிச் சுருங்கிப்போன படத்தை ஃபோனில் அனுப்பினால் கெட்ட கோபம் வரும். "இது சக்கை. சாறு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டு, முதலில் எடுத்தவரைத் தேடிப் பிடித்து அசலை வாங்கிவிட்டுத்தான் ஓய்வாள்.

பிறகு வெளிச்சம். சாய்ந்து நிற்கும் சுவரை நிமிர்த்துவது அதற்குப் பிறகு. புள்ளிகளும் கோடுகளும் கடைசியில். பக்கத்தில் நன்றாக இருக்கிற இடத்திலிருந்து ஒரு துளி எடுத்துக் கெட்டுப்போன இடத்தில் ஒட்டுகிற கருவிக்கு 'ஸ்டாம்ப்' என்று பெயர். அதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒருநாள் தானே சரிசெய்த படத்தைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். அவர் வீட்டு மரத்தில் ஒரே காக்கை, ஒரே மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மூன்று கிளையில் உட்கார்ந்திருந்தது. அக்கா சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்.

வேலை நடுவே திடீரென்று எழுந்து வாசற்படி வரை போய், கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது சரிசெய்த இடம் எது என்று தெரிந்துவிட்டால், திரும்பிவந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அப்போது அவளிடம் யாரும் பேசக்கூடாது.

இதெல்லாம் அவளுக்குப் பிடித்த கோபங்கள். பிடிக்காத கோபம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் மகள் படத்தைக் கொண்டுவந்து, கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடு என்றாள். அக்கா படத்தைப் பார்த்தாள். நல்ல களையான பெண், மொட்டை வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா முகத்தின் மேல் வெளிச்சத்தைக் கூட்டினாள், கண்ணும் பல்லும் பளிச்சென்று வந்தன. இன்னும் கொஞ்சம் என்றாள் நர்ஸ். "வெளிச்சம் வேற, வெள்ளை வேற. வெளிச்சம் எவ்வளவு வேணும்னாலும் போடறேன். அவ தோலை மாத்தணும்னா நீ வேற ஆளைப் பாரு." நர்ஸ் அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை. அக்கா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அதைவிட மோசம், ஆளை எடுக்கச் சொல்லி வருகிறவர்கள். குப்பைத்தொட்டியை எடுப்பாள், மின்கம்பியை எடுப்பாள், பின்னால் வாயைப் பிளந்துகொண்டு போகிற வழிப்போக்கனையும் எடுப்பாள். ஆனால் சண்டை போட்ட பங்காளியை எடு, பிடிக்காமல் போன நாத்தனாரை எடு என்று வந்தால் அவள் குரல் மாறிவிடும். "வீட்டு ஆளை எடுக்கமாட்டேன். வேணும்னா நீங்க படத்தை மாட்டாதீங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்த விஷயத்தில் அவளிடம் கெஞ்சி ஜெயித்தவர் கிடையாது.

இப்படிப்பட்டவளிடம்தான் போன மாதம் அவள் கூடப்பிறந்த அண்ணன் ஃபோன் செய்தான். பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். இரண்டு பெண்கள். மூத்தவளை அவன் பார்த்துப் பார்த்துத் தேடிய மாப்பிள்ளைக்குத்தான் கட்டிக்கொடுத்தான். அவள் இப்போது அந்த வீட்டை விட்டு வெளியேறி, இதே ஊரில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இளையவளைப் பார்க்க ஒரு நல்ல இடத்திலிருந்து வருகிறார்களாம். ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிற குடும்பப் படத்தைப் பார்த்து, மூத்த பெண் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அவளை மட்டும் எடுத்துவிட்டு வேறு படம் போட்டுக் கொடு என்றான். அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்தப் படம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கடை திறந்த அன்று எடுத்தது. மூத்தவளுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நாற்காலியில் அண்ணி. அவள் பின்னால், அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு மூத்தவள். நாற்காலிக் கையில் சாய்ந்துகொண்டு இளையவள். கேமரா தயாரான பிறகு கல்லாவிலிருந்து ஓடிவந்த அண்ணன் வலது ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கிறான். முகங்களில் விழுந்த நிழலை எடுத்து, பெயிண்ட் டப்பாக்களின் பளபளப்பை அடக்கி, அந்தப் படத்தை அழகாக்கியது அக்காதான்.

தங்கை இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடுமா? அண்ணன் தன் ஃபோனிலேயே ஒரு செயலியை இறக்கிக்கொண்டான். வேண்டாத ஆளின் மேல் விரலால் தேய்த்தால் போதும், ஆள் மறைந்து பின்னால் இருந்த சுவர் தானாக வந்துவிடும். சுவரில் பழைய பெயிண்டின் மேல் புதுப் பெயிண்ட் அடிக்கிற பழக்கம்தான். தேய்த்தான். முகம் போனது, உடம்பு போனது. பெரிதாகப் பிரின்ட் போட்டு, சட்டம் அடித்து, பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டியும் விட்டான். கடைக்குப் பெயிண்ட் கொண்டுவருகிற ஏஜென்ட் வீட்டுக்கு வந்து காபியை உறிஞ்சிக்கொண்டே அதைப் பார்த்து, "அம்மா தோள்மேல யார் கை அது?" என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

இந்த மென்பொருள் வேலையில் எல்லோரும் செய்கிற தப்புதான். போகிற ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆள் யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கமாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலமே அண்ணன் வந்து நின்றான். கூட அண்ணியும் வந்தாள். சட்டம் போட்ட படத்தைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இஸ்திரி மேசையை ஒட்டிக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் தானே போர்வையை விலக்கிக் காட்டினான். மணிக்கட்டோடு முடிந்துபோன ஒரு கை, அண்ணியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. மோதிர விரல் கொஞ்சம் வளைந்திருந்தது.

"ஆளை எடுக்கச் சொல்லல பாப்பா. அதை நானே பண்ணிட்டேன். இந்தக் கையை மட்டும் எடுத்துக்குடு" என்றான்.

இந்த வயதிலும் அவளை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான். காரியம் ஆகவேண்டிய நாட்களில் அது இன்னும் குழைவாக வரும்.

அக்காவுக்கு அந்தக் கையைத் தெரியும். வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். போன வருடம் ஒரு காலை, எக்ஸ்ரே அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு, துப்பட்டாவால் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி மூத்தவள் உள்ளே வந்தாள். வழுக்கி விழுந்துட்டேன் அத்தை என்றாள். அந்தக் கையை மெதுவாகப் பிடித்துத் தட்டின் மேல் வைத்து, விரல்களைப் பிரித்து, அசையாதே என்று சொன்னது அக்காதான். படத்தில் புது முறிவு தெரிந்தது. அதற்குச் சற்று மேலே, முன்பே முறிந்து, கோணலாகக் கூடியிருந்த இன்னொன்றும் தெரிந்தது. வழுக்கி விழுகிறவர்கள் அப்படி விழுவதில்லை. அன்று சாயங்காலமே அக்கா போய் அண்ணனிடம் சொன்னாள். கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல் என்றான் அவன். மூத்தவள் அனுசரிக்கவில்லை, வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை அவன் வாயால் சொல்வதில்லை.

எல்லாம் சேர்ந்து இப்போது அக்காவுக்குள் மூண்டது. இத்தனை வருடம் ஊரார் மேல் கொட்டியதெல்லாம் வெறும் சிடுசிடுப்பு, கோபம் என்றால் இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

"இது எந்தக் கைன்னு தெரியுதா உனக்கு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். பிறகு, பழசைக் கிளறாதே, சின்னவள் வாழ்க்கையைப் பார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், ஒரு கைக்காக ஒரு கல்யாணம் நிற்கவேண்டுமா என்றெல்லாம் அடுக்கினான். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே நிதானம். அந்த நிதானம்தான் அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

"சின்னவளுக்கும் ரெண்டு கை இருக்குண்ணே. நாளைக்கு அவளும் அந்தத் தட்டுமேல கையை நீட்டினா, அப்பவும் வந்து துடைக்கச் சொல்வியா?"

முடியுமா முடியாதா, அதைச் சொல் என்றான் அண்ணன். கையை மட்டும் முடியாதென்றால் அசலிலிருந்தே எடுத்துக் கொடு, எல்லோரும் கூடி நிற்கிற படத்தில் ஒரே ஒரு ஆள், உனக்கு அது ஒரு வேலையா என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் உட்கார்ந்தாள். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கோபக்காரி, ஆனாலும் கூடப்பிறந்தவள் என்று நினைத்திருப்பான்.

அவள் திறந்தது அவன் தேய்த்த படத்தை அல்ல. தான் சேர்த்து வைத்திருந்த அசலை. மூத்தவள் முழுசாக, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முக்காலியில் இருந்த அண்ணி தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். அக்கா வழக்கம்போல முதலில் ஒரு நகல் எடுத்தாள்.

"ஒரு ஆளை எடுக்கணும், அவ்வளவுதானே? நடுவுல நிக்கிற ஆளை எடுத்தா கை நிக்கும், நிழல் நிக்கும். ஓரத்துல நிக்கிற ஆளை எடுக்கறது சுலபம்."

படத்தின் ஓரத்தை வெட்டுகிற கருவிக்கு எந்தத் திறமையும் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது அதுதான். அக்கா படத்தின் வலது விளிம்பைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்தாள். பெயிண்ட் டப்பாக்கள் இருட்டுக்குள் போயின. கட்டிய கைகள் போயின. அண்ணனின் தோள் போனது, மீசை போனது. கோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெளிச்சத்தில் அம்மாவும் இரண்டு பெண்களும் மட்டும் இருந்தார்கள். ஒரு விரல்கூட மிச்சமில்லை.

என்ன விளையாட்டு இது என்றான் அண்ணன். அவன் குரல் முதன்முறையாக உயர்ந்தது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவன் நான் என்றான். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, அண்ணியைப் பார்த்து மட்டும் கேட்டாள்.

"அண்ணி, இதை சேவ் பண்ணட்டுமா வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

எழுந்தபோது மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்த சட்டத்தை அண்ணி எடுத்துச் சுவரோரம் முகம் திருப்பிச் சாத்தி வைத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மவுஸின் மேல் கையை வைத்தாள். அது அவள் இதுவரை தொட்டிராத பொருள், எங்கே அழுத்துவது என்று தெரியாமல் கை தடுமாறியது.

"சேவ் பண்ண எதை அழுத்தணும்?" என்றாள்.

அக்கா குனிந்து, அந்த ஆள்காட்டி விரலை மெதுவாகப் பிடித்து, சரியான இடத்தில் வைத்தாள்.