கோரின் பாதியில் விட்ட தேர்வு

கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் மார்ச் கடைசியில் வந்தது. கோரின் ஹேவர்காம்ப் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். சந்தோஷத்தில் வீட்டையே இரண்டாக்கியிருக்க வேண்டிய ஆள் பிப்ரவரியிலேயே போய்விட்டாள்.

அம்மா ஜோலின் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் பருவத்திலேயே நின்றுவிட்டவள். அதனால்தானோ என்னவோ, பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத்துத் தேர்வான ஏ.பி.க்கு, வரலாற்றுப் பாடத்தில் மகள் பெயர் கொடுத்த நாளிலிருந்து அவளுக்குத்தான் பதற்றம் அதிகம். நானூறு அட்டைகளில் கேள்விகளைத் தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிரெஞ்சு அரசர்களின் பெயர்களை வாய்க்கு வந்தபடி உச்சரித்து, சாப்பாட்டு மேசையில் கேள்வி கேட்பாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றைத்தான்: "பாதியில விட்டுடாதடி. நான் விட்டது போதும்."

சரி என்று சொல்லியிருந்தாள் கோரின்.

ஆனால் இடம் கொடுத்த கல்லூரி அந்த மதிப்பெண்ணைக் கண்டுகொள்ளாது. வகுப்பில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டவர்கள் ஒவ்வொருவராகத் தேர்விலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். "மே மாசத்துல ஆத்துல நீந்தப் போகாம பரீட்சை எழுதுவியா? என்ன, வேண்டுதலா?" என்று கிண்டலடித்த தோழி டெஸ்ஸா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதைவிட, தேர்வு நடக்கும் இடம்தான் கோரினைத் தயங்க வைத்தது. பள்ளியில் சத்தம் அதிகம் என்று ஆண்டுதோறும் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடத்துவார்கள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது.

அப்பா வெர்லின் பால் லாரி ஓட்டுபவர். பேச்சு குறைவு. "வேணாம்னா விட்டுடு கண்ணு. அவ கோவிச்சுக்க மாட்டா."

"கோவிச்சுப்பா."

போனாள். அதே மடக்கு மேசைகள், அதே பழைய காப்பி வாசனை. முதல் பகுதியைத் தலை நிமிராமல் முடித்தாள். அட்டையில் படித்த கேள்வி வந்தபோதெல்லாம் அரசர்களின் பெயர்கள் அம்மாவின் தப்பான உச்சரிப்பிலேயே காதில் விழுந்தன. பத்து நிமிட இடைவேளையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

உரியவர்கள் வந்து எடுத்துப்போகாத பாத்திரங்கள் அங்கே ஓர் அலமாரியில் இருந்தன. துக்க வீட்டுக்காரர்களுக்குச் சமைத்துக் கொண்டுவரும் பெண்கள், பாத்திரம் மாறாமலிருக்க அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பார்கள். நீலக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. திருப்பினாள். சாய்ந்த கையெழுத்தில் 'ஹேவர்காம்ப்'. ஜனவரியில் யாருடைய சாவுக்கோ அம்மா சமைத்து எடுத்துவந்தது. அதன்பிறகு படுத்தவள், வந்து எடுத்துப்போகவில்லை.

மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மாள் எட்டிப்பார்த்து, நேரமாகிறது என்றாள். கோரின் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கப் படியேறி வெளியே போய்விட்டாள். இரண்டாம் பகுதியான கட்டுரைத் தாள் மேசையிலேயே பிரிக்காமல் கிடந்தது.

"எப்படி எழுதினே?" என்றார் அப்பா.

"பாதிதாம்பா."

அவர் பாத்திரத்தை வாங்கி, திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார்.

அந்தக் கோடை முழுக்க அதில் பழம்தான் வைத்தார்கள். அடிப்பக்கம் நனையாமல் கோரினே கழுவினாள். அப்படியும், கல்லூரிக்குப் பெட்டி கட்டிய அன்று பார்த்தால் டேப்பின் ஓர் ஓரம் எழும்பி நின்றது. விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை.